மேஜர், மைனர், மூலத்தரை: எல்லையோரத்தில் சமூக அறிவியல் படிப்பது

பிளஸ் டூவில் ஹியூமானிட்டீஸ் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் மே, ஜூன் மாதங்கள் எப்படிப் போகும் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி சீட் அலாட்மெண்ட் வரும்வரை வீடே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் கேள்வி ஒன்றுதான்: சித்தூர் அரசுக் கல்லூரியில் சீட் கிடைக்குமா, எக்கனாமிக்ஸா ஹிஸ்டரியா? (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்.) 2024 ஜூலை 1 முதல் கேரளம் முழுக்க நான்காண்டுப் பட்டம் வந்துவிட்டது. இப்போது மேஜர் எது, மைனர் எது, பிற துறைப் பாடம் எது என்று வரிசையாகக் கேட்கிறார்கள். "மைனர்னா என்னங்க சார், அரைப் படிப்பா?" என்று ஒரு தகப்பனார் கேட்டால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சட்டென்று பதில் சொல்ல ஆசிரியர்களே திணறுகிற விஷயம் அது. சுருக்கமாகச் சொன்னால், ஆழமாகப் படிக்கும் முதன்மைத் துறை மேஜர், அதோடு சேர்த்துக் குறைந்த அளவில் படிக்கும் இன்னொரு துறை மைனர்.

இந்த மேஜர், மைனர் ஏற்பாடு எங்கிருந்து வந்தது, அது பிறந்த இடத்தில் எதற்காக இருந்தது, நம் பக்கத்துப் பிள்ளைக்கு அதில் உண்மையில் என்ன பயன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இது அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் புழங்கும் ஏற்பாடு. பேரில் ஆர்ட்ஸ் இருந்தாலும் இயற்பியலும் கணிதமும் அங்கே உண்டு. டாக்டர், எஞ்சினீயர், வக்கீல் என்று ஒரு தொழிலுக்கு நேரடியாகத் தயார்செய்யாத இளநிலைப் படிப்பு என்று எடுத்துக்கொண்டால் போதும். 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் விரும்பிய பாடத்தை விரும்பியபடி எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். பலர் எல்லாத் துறையிலும் தொடக்கப் பாடத்தை மட்டும் தொட்டுவிட்டு எதிலும் இறங்காமல் பட்டம் வாங்கிப் போனார்கள். அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல் அதைச் சரிசெய்ய, ஒரு துறையில் ஆழமாகப் போக வேண்டும், மற்றத் துறைகளிலும் சிலவற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று விதித்தார். இன்று நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் இருப்பது ஏறக்குறைய இந்த விதியின் பேரப்பிள்ளை.

ஹார்வர்ட் பெரிய பல்கலைக்கழகம். இந்த ஏற்பாட்டை அதன் முழு உருவத்தில் பார்க்க வேண்டுமானால் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், ரீட், கிரின்னல் போன்ற சின்னக் கல்லூரிகளுக்குப் போக வேண்டும். கல்லூரி முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 1,500இலிருந்து 2,000 மாணவர்கள் வரைதான் இருப்பார்கள். ஏறக்குறைய பத்து அல்லது அதற்கும் குறைவான மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். முனைவர் பட்ட மாணவர்கள் கிடையாது. ஆகவே பேராசிரியருக்கு ஆய்வில் உதவி வேண்டுமென்றால் பத்தொன்பது வயதுப் பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும். ஸ்வார்த்மோரில் கல்லூரித் தலைவர் ஃபிராங்க் அய்டலாட் 1922இல் ஆனர்ஸ் செமினார் முறையைக் கொண்டுவந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பார்த்த முறையை ஒட்டியது அது. சிறு குழுவாக உட்கார்ந்து, ஒரு மாணவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் முன்னதாகவே படித்துவிட்டு வந்து, வாரம் ஒருமுறை அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். ரீடில் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதாமல் யாருக்கும் பட்டம் இல்லை.

எந்தப் பாடத்துக்கும் சின்ன வகுப்பு நல்லதுதான். சமூக அறிவியலுக்கு மட்டும் அது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? வேதியியலில் பிழை செய்தால் சோதனைக் குழாய் காட்டிக்கொடுக்கும். கணக்கில் விடை வராது. சமூக அறிவியலில் பிழை செய்தால் ஒன்றும் ஆகாது. வாக்கியம் நன்றாகவே இருக்கும். இன்னொரு ஆள் அதைப் படித்து, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டால்தான் பிழை வெளியே வரும். அறுபது பேர் வகுப்பில், பல்கலைக்கழகத் தேர்வுத்தாளை யாரோ எங்கோ திருத்துகிற முறையில், அப்படிக் கேட்க ஆளில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவி எழுதுகிறாள்: "எங்கள் ஊர் விவசாயிகள் தண்ணீர் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள்." மனசுக்குத் தெரிந்த உண்மை, தப்பில்லை. நல்ல ஆசிரியர் பக்கத்தில் பென்சிலால் குறிப்பார்: எந்த ஊர்? வாய்க்காலின் தலைமடையா, கடைமடையா? விவசாயி என்றால் நிலத்துக்காரரா, வாய்ப்பேச்சில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்தவரா, கூலிக்குப் போகிறவரா? போர்வெல் இருக்கிறவருக்கும் அதே கஷ்டமா? எந்த மாதம்? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தேடி அவள் மறுபடி எழுதும்போது வாக்கியம் இப்படி மாறும்: "வடகரப்பதியில் வாய்க்கால் எட்டாத நிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவர்கள் தென்னைக்கு மாறிவிட்டார்கள், அந்த நிலங்களில் முன்பு நடவுக்கும் களைக்கும் போன பெண்களுக்கு வேலைநாள் குறைந்ததா என்று பார்க்க வேண்டும்." முதல் வாக்கியத்தில் பரிதாபம் இருந்தது. இரண்டாவதில் போய்ப் பார்க்க ஒரு வேலை இருக்கிறது. ஆசிரியருக்கு இதற்கு ஒரு தாளுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு தாள் என்றால் ஆறு மணி நேரம். அறுபது தாள் என்றால் முப்பது மணி நேரம், அதற்கு வாய்ப்பே இல்லை. சின்னக் கல்லூரியின் ரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வளாகத்துப் புல்வெளியிலோ கையேட்டின் வழவழப்பான படங்களிலோ இல்லை.

சரி, தண்ணீர் என்று தொடங்கிவிட்டோம், அதையே இன்னும் கொஞ்சம் பிடித்துப் போகலாம். சித்தூர் தாலுக்காவில் சமூக அறிவியல் படிக்க இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் இல்லை.

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் இந்தத் தாலுக்காவின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பகுதி. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதும் இங்கேதான். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு நதிநீர் ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று வைக்கப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பாசனத்துக்காகக் கேரளத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து மூலத்தரை ரெகுலேட்டர் என்ற தடுப்பணை, அப்புறம் வாய்க்கால்கள். 30 ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் தவணை 1988இலேயே வந்துபோனது.

புவியியல் மாணவர் இதில் கணவாயையும் மண்ணையும் பார்ப்பார். பொருளாதார மாணவர், தண்ணீர் உறுதியில்லாத இடத்தில் நெல்லை விட்டுத் தென்னைக்கும் காய்கறிக்கும் போவது லாபக் கணக்கா, ஆபத்தைக் குறைக்கும் கணக்கா என்று கேட்பார். வரலாற்று மாணவருக்கு இன்னும் சுவாரசியம். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்துப் பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளம் ஆயின. ஆழியாறும் பொள்ளாச்சியும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன.

அரசியல் அறிவியல் மாணவருக்குக் கிடைப்பதுதான் இதில் கடினமான முடிச்சு. தண்ணீர் குறையும் ஆண்டுகளில் எல்லையில் மறியல் நடக்கும். மறியலில் நிற்பவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பெண் கொடுத்த இடம் பொள்ளாச்சிப் பக்கமாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டுத் தோப்புக்கும் ஆழியாற்றுத் தண்ணீர்தான் பாயும். ஆனாலும் தண்ணீர் என்று வந்தால் இவர் கேரள விவசாயி, அவர் தமிழ்நாட்டு விவசாயி. மொழி ஒன்றாக இருந்தால் நலனும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிற எந்தக் கோட்பாட்டையும் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அடையாளம், நலன் என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்தப் பக்கத்துப் பிள்ளை மாமன் வீட்டுக் கல்யாணத்திலேயே பார்த்திருக்கும். பார்த்தது வேறு, அதை வாதமாக எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்யவைக்கும் இடம் கல்லூரி.

கேரளத்தில் சமூக அறிவியல் படிக்கிற யாரும் கேரள மாதிரி என்பதைத் தாண்டிப் போக முடியாது. திருவனந்தபுரத்தில் பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் 1975இல் ஐ.நா.வுக்காகத் தயாரித்த அறிக்கையிலிருந்து தொடங்குகிறது அந்த விவாதம்: வருமானம் குறைந்த மாநிலம், ஆனால் எழுத்தறிவும் ஆயுளும் உயர்ந்தவை. நிலச் சீர்திருத்தம் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். 1970 ஜனவரி 1இல் குத்தகை முறை ஒழிந்து, குத்தகைதாரர் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார்; கூலிக்காரருக்குக் குடியிருந்த மனை கிடைத்தது. இதை வகுப்பில் கேட்கும்போது முதலமடைப் பக்கத்து மாணவர் ஒருவர் கையைத் தூக்கலாம். குத்தகைக்காரர் யார், கூலிக்காரர் யார் என்பதில் சாதி இருந்ததே, உழுதவருக்கு நிலமும் கூலிக்காரருக்கு மனையும் என்று பிரிந்தபோது சக்கிலியர் வீடுகளுக்கும் எரவாளர் பழங்குடி வீடுகளுக்கும் என்ன வந்தது? அதே முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தீண்டாமைப் புகார் 2017இல் மாநிலச் செய்தியானது. மாதிரி மாநிலத்தின் ஓரத்தில் இது எப்படி? இந்தக் கேள்விக்குப் பெரிய வகுப்பில் கிடைப்பது, "நல்ல கேள்வி, அடுத்த பாடத்துக்குப் போகலாம்." சிறிய வகுப்பில், "நீயே எழுது, மூன்று வாரத்தில் கொண்டுவா."

பிளாச்சிமடையும் அப்படித்தான். இதே தாலுக்காவின் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் கோகோ கோலா ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. நிலத்தடி நீர் வற்றுகிறது, கெடுகிறது என்று 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் சமூகத்து மயிலம்மா அதன் முகம். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மாநில அரசின் குழு 2010இல் சேதத்தை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே காலமானார். உலகின் எங்கெங்கோ இருக்கும் கல்லூரிகளில் சூழலியல் அரசியல் வகுப்பில் பிளாச்சிமடை வருகிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கும் வகுப்பறையில் அது வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் போனால் அது பெரிய இழப்பு என்றுதான் சொல்வேன்.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது. சின்னக் கல்லூரியில் சமூகவியல் துறை என்றால் நான்கைந்து பேர்தான். பல இடங்களில் மானுடவியலும் சமூகவியலும் ஒரே துறை. ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் அந்த ஆண்டு அந்தப் பாடமே இருக்காது. ஓர் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒதுங்க இடமும் கிடையாது. சில துறைகள் அறவே இல்லாமல் போவதும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டே 1948இல் புவியியல் துறையை மூட முடிவெடுத்தது. மிடில்பரி, மெக்காலஸ்டர் போன்ற சிலவற்றை விட்டால் சிறு கல்லூரிகளில் புவியியல் அபூர்வம். நம் சித்தூர் அரசுக் கல்லூரியில் புவியியல் இருக்கிறது, தத்துவம் இருக்கிறது, இசை இருக்கிறது, தமிழ் இருக்கிறது. 1947இல் கொச்சி சமஸ்தானத்தில் தொடங்கிய, சோகநாசினி ஆற்றின் கரையில் இருக்கும் ஓர் அரசுக் கல்லூரிக்கு இது சாதாரணச் சேர்க்கை அல்ல. மைனர் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய காலத்தில் இதன் மதிப்பு தெரியும்: வரலாறு மேஜருக்குப் புவியியல் மைனராக அமைந்தால், மேலே சொன்ன தண்ணீர்க் கதையை முழுசாகப் படிக்க முடியும்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். மேலே பேர் சொன்ன அமெரிக்கக் கல்லூரிகளில் தங்கும் செலவோடு ஆண்டுக் கட்டணம் 80,000 டாலரைத் தாண்டும். ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில, வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் இடம் கொடுத்துத் தேவையான உதவியும் செய்கின்றன. ஆனால் அந்த வாசலில் நிற்கும் கூட்டம் பெரியது. இந்தியாவில் இந்த மாதிரியில் வந்தவை தனியார் பல்கலைக்கழகங்கள்தான். சோனிப்பட்டில் அசோகா 2014இல் வந்தது. ஆந்திர-தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் என்றால் ஸ்ரீசிட்டியில் கிரியா, 2018இல். ஸ்ரீசிட்டி இருக்கும் சத்தியவேட்டுப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டம். திருத்தணி மதராஸுக்கு வந்த அதே எல்லைப் பரிமாற்றத்தில் அது ஆந்திரத்துக்குப் போனது. இன்றும் அங்கே கடைவீதியில் தமிழில் பேசிச் சமாளிக்கலாம். ஆனால் பல லட்சம் ரூபாய் கட்டணத்தில், உதவித்தொகை இல்லாமல் சத்தியவேட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை அந்த வாசலைத் தாண்டுவது கஷ்டம். ஆந்திரப் பக்கத்துக்குச் சின்னக் கல்லூரி புதிதும் அல்ல. மதனப்பள்ளியில் அன்னி பெசன்ட் 1915இல் தொடங்கிய கல்லூரியில்தான் 1919இல் தாகூர் வந்து தங்கி, ஜன கண மனவை ஆங்கிலத்தில் எழுதினார்.

கேரளத்தின் நான்காண்டுப் பட்டம் இந்த லட்சங்கள் இல்லாமல் அதே சட்டகத்தை அரசுக் கல்லூரிக்குக் கொண்டுவருகிறது. மூன்று ஆண்டில் 133 கிரெடிட்டோடு வெளியே வரலாம். நான்காம் ஆண்டும் படித்தால் 177 கிரெடிட், ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் போகலாம். அதை முடித்தவர் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். சட்டகம் வந்துவிட்டது. பென்சில் குறிப்பு வந்துவிட்டதா என்பதுதான் சந்தேகம். வகுப்பின் அளவு குறையவில்லை. பல அரசுக் கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரர்கள்தான் பாதிப் பாரத்தைச் சுமக்கிறார்கள். அடுத்த ஜூனில் இருப்பார்களா என்று தெரியாதவரிடம் ஓராண்டு ஆய்வேட்டை வழிநடத்தச் சொல்வது நியாயமில்லை. மேஜர், மைனர் என்று பெட்டிகள் கூடும்போது செமஸ்டருக்குத் தேர்வுகளும் கூடுகின்றன. உட்கார்ந்து எழுதும் நேரம்தான் குறைகிறது.

மொழியும் ஒரு சிக்கல். தமிழ் மீடியத்தில் பத்தாவதுவரை படித்த பிள்ளைக்கு டிகிரி வகுப்பில் புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம், மண்டைக்குள் தமிழ். கேட்டுப் புரிந்துகொள்வதில் இந்தப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை, மூன்றையும் தாவித் தாவிப் பிடிப்பார்கள். எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். முதல் வரைவைத் தமிழில் எழுத விட்டு, வாதம் சரியான பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது நல்ல வழி என்பது என் கருத்து. தமிழ்த் துறை இருக்கும் கல்லூரியில் இதற்கு உதவ ஆளும் இருக்கிறார்கள். களத்தில் இந்த மூன்று மொழி சொத்து. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம், மக்கள்தொகையில் 1.5 சதவீதம். கணக்கெடுப்புப் படிவம் தாய்மொழி ஒன்றையும் தெரிந்த வேறு மொழிகள் இரண்டையும் மட்டுமே எழுதிக்கொள்ளும். எருத்தேம்பதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டியிடம் எதில் பேசுவீர்கள், பஞ்சாயத்து ஆபீசில் எதில், மகளின் பள்ளிக்கூடத்தில் எதில், கோபம் வந்தால் எதில் என்று தனித்தனியாகக் கேட்டால் நான்கு பதில் வரும். அந்த நான்கையும் எழுதிக்கொண்டு வர, திருவனந்தபுரத்திலிருந்து வருகிற ஆய்வாளரைவிடக் கொழிஞ்சாம்பாறைப் பெண்ணுக்குச் சுலபம்.

வேலை கிடைக்குமா என்றால், பட்டத்தைக் காட்டியதும் கிடைக்கிற வேலை என்று ஒன்றும் இல்லை. அமெரிக்கச் சிறு கல்லூரிகள், பட்டம் பெறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு அதிக விகிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆள் அனுப்புகின்றன. ரீடும் ஸ்வார்த்மோரும் அந்தப் பட்டியலில் எப்போதும் மேலே இருக்கும். இங்கே பெரும்பாலான வீடுகளின் கணக்கு பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) தேர்வு, பி.எட்., பிளஸ் டூ ஆசிரியர் வேலை. பிளஸ் டூ ஆசிரியர் ஆக எம்.ஏ., பி.எட்., செட் (மாநிலத் தகுதித் தேர்வு) மூன்றும் வேண்டும். நான்காண்டு ஆனர்ஸ் படித்தவருக்கு எம்.ஏ. ஓராண்டில் முடியலாம் என்று யு.ஜி.சி. சொல்லியிருப்பதால், மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து. வருஷம் வீணாகப் போகவில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இன்னும் மூன்றாண்டுப் பட்டமும் இரண்டாண்டு எம்.ஏ.வும்தான் வழக்கம். கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ எம்.ஏ.வுக்குப் போகிற எண்ணம் இருந்தால், அங்கே ஓராண்டு எம்.ஏ. இருக்கிறதா என்று நான்காம் ஆண்டுக்குப் பேர் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்கை நாளன்று துறைத்தலைவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். நான்காம் ஆண்டு ஆய்வை வழிநடத்தத் துறையில் பிஎச்.டி. முடித்த நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? போன ஆண்டுப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைக் கொஞ்சம் பார்க்கலாமா? பெரும்பாலும் ஸ்பைரல் பைண்டிங்கில் ஓர் அலமாரியில் இருக்கும், மறுக்க மாட்டார்கள். தலைப்புகளைப் பாருங்கள். அப்புறம் ஒன்றை எடுத்து உள்ளே புரட்டுங்கள்: பேட்டி எடுத்த ஊரின் பேர் இருக்கிறதா, யாரிடம் என்ன கேட்டார்கள் என்று இருக்கிறதா, இல்லை முன்னுரையிலிருந்து முடிவுரை வரை நெட்டிலிருந்து எடுத்து ஒட்டியதா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். 2024இல் சேர்ந்த முதல் அணி நான்காம் ஆண்டுக்குள் நுழைவது 2027இல். அவர்களுடைய ஆய்வேடுகள் வருகிறவரை, பார்த்து முடிவுசெய்ய அந்த மூன்றாமாண்டு ரிப்போர்ட்டுகள்தான் இருக்கின்றன.